பக்கத்து வீட்டு மாத்திரை

மாலை நாலு மணி வெயிலில் இரண்டு பெரியவர்கள் திண்ணையில் உட்கார்ந்து மாத்திரை அட்டைகளைச் சீட்டுக்கட்டு போலப் பரப்பி வைத்திருந்தார்கள். ஒருவர் என் அப்பா, தேயிலை ஃபேக்டரியில் டீ மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் பக்கத்து வீட்டு மாமா. தபால் துறையில் காலம் தள்ளியவர் என்பதால் எங்கள் கோத்தகிரிப் பக்கத்தில் அவருக்குப் பெயரே போஸ்ட்மாஸ்டர்தான். இருவருக்கும் ஒரே வியாதி. இதயத்தின் மேலறைகள் தாளம் தப்பி நடுங்கும், நாடி கண்டபடி ஓடும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று சீட்டில் எழுதுவார்கள், வீட்டில் படபடப்பு என்போம். "அண்ணே, உங்க டாக்டரம்மா உங்களுக்கு இன்னும் அந்தப் பழைய மாத்திரையைத்தான் குடுத்துட்டு இருக்காங்க. நான் இதை ஆரம்பிச்சு மூணு மாசம் ஆச்சு. படபடப்புன்னு ஒண்ணு? கிடையவே கிடையாது" என்றார் மாமா. அப்பா பதில் சொல்லாமல் மாமாவின் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டீ கொண்டு வந்த நான் டம்ளரை வைத்துவிட்டு நின்றேன். இன்றுவரை உறுத்துவது மாமா சொன்னதல்ல, அதைக் கேட்டபோது என் மனசுக்குள் ஓடியதுதான். 'அதானே, நமக்கு ஏன் அந்த மாத்திரையைத் தரவில்லை?' என்று நானும் நினைத்தேன்.

அப்பாவின் அட்டையில் இருந்தது அமியோடரோன். மாமாவுடையது ஃப்ளெக்கனைடு. ஒரே வியாதிக்கு இரண்டு மருந்து இருந்தால் ஒன்று நல்லது, மற்றது சுமார் என்று மனசு தானாகவே வரிசைப்படுத்திவிடுகிறது. உரக்கடையில் இரண்டு மூட்டையைப் பார்த்தாலும் அப்படித்தான். போதாக்குறைக்கு அமியோடரோன் டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் துண்டுத்தாளை நான் முழுசாகப் படித்துத் தொலைத்திருந்தேன். தைராய்டு, நுரையீரல், ஈரல், கண், தோல் என்று அதில் விட்டுவைத்த உறுப்பே இல்லை. மாமாவின் தாள் அதைவிடச் சின்னதாக இருந்தது. தாளின் நீளத்தை வைத்து மருந்தை எடை போட்டவன் நான் ஒருவன் மட்டும் இல்லை என்று நம்புகிறேன்.

62 படிகள்

அப்பாவுக்கு 2016இல் மாரடைப்பு வந்தது. கீழே கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய் ஸ்டென்ட் வைத்து வந்தோம். அதற்கப்புறம் ஆறு வருடம் நிம்மதியாகப் போனது. 2022 பொங்கல் கழிந்த வாரத்தில் ரத்த அழுத்தம் பார்க்கப் போன இடத்தில், நாடி பிடித்த நர்ஸம்மா பிடித்த கையை விடாமல் ஒரு நிமிடம் அப்படியே நின்றார். பிறகு ஈசிஜி, எக்கோ. முதலில் பார்த்த டாக்டர் டிகாக்சின் கொடுத்தார். அது ஃபாக்ஸ்குளோவ் என்ற பூச்செடியின் குடும்பத்திலிருந்து வந்த மருந்து. வில்லியம் விதரிங் என்ற ஆங்கில மருத்துவர் 1785இலேயே அந்தச் செடியைப் பற்றிப் புத்தகம் போட்டுவிட்டார் என்றால் எவ்வளவு பழைய சரக்கு என்று பாருங்கள்.

டிகாக்சின் வேலை செய்தது. அதாவது, அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்வரை வேலை செய்தது. மருந்துக்கடையில் வாங்கிய சின்னக் கருவியை விரலில் மாட்டினால் 78, 80 என்று காட்டும். எனக்கு மகிழ்ச்சி. ஆனால் எங்கள் வீட்டுக்கும் சாலைக்கும் நடுவே 62 படிகள் இருக்கின்றன. மலையில் வீடு கட்டியவர்களுக்கு இது ஒரு செய்தியே இல்லை. பால் வாங்கப் போனாலும், பஸ் பிடிக்கப் போனாலும், சும்மா ஊர்வம்பு கேட்கப் போனாலும் படிதான். ஏறி வந்து வாசலில் நிற்கும்போது அதே கருவி 140 காட்டியது. முப்பதாவது படியில் அப்பா ஏதோ சிந்தனையில் இருப்பவர் போல் நின்று தேயிலைக் காட்டைப் பார்ப்பார். அது சிந்தனை இல்லை, மூச்சு வாங்குவது என்று எனக்குப் புரியவே இரண்டு மாதம் ஆனது.

பிறகுதான் ஒரு விஷயம் தெரிந்துகொண்டேன். டிகாக்சின் பெரும்பாலும் வேகஸ் நரம்பின் வழியாகத்தான் துடிப்பை அடக்குகிறது. ஓய்வில் இருக்கும்போது அந்த நரம்பின் கை ஓங்கியிருக்கும். மேடு ஏறும்போது அட்ரினலின் பொங்கி வந்து அந்தப் பிடியை உதறிவிடும். ஓய்வாக உட்கார்ந்திருப்பவருக்குப் போதுமாக இருக்கும் மருந்து, படி ஏறியே ஆகவேண்டியவருக்குப் போதாது. மெட்டோப்ரோலால் போன்ற பீட்டா பிளாக்கர்கள் அந்த அட்ரினலினையே மறிப்பவை. கோவையில் நாங்கள் புதிதாகப் போய்ப் பார்த்த இதய டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே "வீடு மேட்டுலயா, பள்ளத்துலயா?" என்பதுதான். என்ன டாக்டர் வாஸ்து பார்க்கிறார் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், அப்பாவின் மாத்திரையைத் தேர்ந்தெடுத்ததில் அந்த ஒரு கேள்விக்கு இருந்த பங்கு பெரிது.

மெட்டோப்ரோலாலில் எண்கள் இறங்கின. அப்பா மட்டும் தெளியவில்லை. எக்கோவில் பம்பிங், அதாவது கீழறை தன்னிடம் உள்ள ரத்தத்தில் ஒவ்வொரு துடிப்புக்கும் வெளியே தள்ளும் பங்கு, 35 சதவீதம்தான் என்று வந்தது. வேகத்தை மட்டும் கட்டுப்படுத்தி விட்டுவிடலாமா, தாளத்தையே திருப்பிக் கொண்டுவரலாமா என்பது இதய மருத்துவத்தில் பழைய வழக்கு. 2002இல் வந்த அஃபர்ம் ஆய்வில் 4060 பேரை வைத்துப் பார்த்து, தாளத்தைத் திருத்துவதால் ஆயுள் கூடவில்லை என்றார்கள். 2020இல் ஈஸ்ட் ஆய்வு வந்தது. வியாதி கண்டுபிடித்த ஒரு வருடத்துக்குள் தாளத்தைத் திருத்தத் தொடங்கினால் பக்கவாதமும் இதயச் சாவும் குறைகின்றன என்றது அது. டாக்டரம்மா இதையெல்லாம் விரிவுரை நடத்தவில்லை. "இவருக்குத் தாளம் தப்பினதுலதான் பம்பிங் இன்னும் இறங்கியிருக்குன்னு தோணுது. திருப்பிப் பார்ப்போம்" என்று மட்டும் சொன்னார். அமியோடரோன் அப்படித்தான் வீட்டுக்குள் வந்தது.

குளிரா, தைராய்டா

வந்ததும் ஒரு சண்டையோடுதான் வந்தது. ரத்தம் உறைந்து கட்டியாகி மூளைக்குப் போய்விடாமல் இருக்க அப்பா ஏற்கெனவே அசிட்ரோம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதற்கு, ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். என்ற எண் 2க்கும் 3க்கும் நடுவே நிற்கவேண்டும். அந்த மாத்திரையை உடம்பு செலவழிக்கும் வேகத்தை அமியோடரோன் குறைத்துவிடும் என்பதால் பழைய அளவே மிகையாகிவிடும். அளவைக் குறைத்து, ஒரு வாரத்தில் ஐ.என்.ஆர். பார்க்கவும் என்று சீட்டில் தெளிவாக எழுதியிருந்தது. நான்தான் பார்க்கவில்லை. ஆகஸ்ட் மாத மழை, ரோட்டில் மரம் விழுந்தது, லேப் சாத்தியிருந்தது என்று மூன்று வாரம் தள்ளினேன். ஒரு காலை பல் தேய்த்த அப்பா சிவந்த நுரையோடு வந்து நின்றார். எண் 5.8. அன்று காரில் கீழே இறங்கியபோது ஒவ்வொரு வளைவிலும் அவர் தலை கண்ணாடியில் இடித்துவிடக்கூடாதே என்று கையை நடுவே வைத்துக்கொண்டே போனேன். அதன் பிறகு அசிட்ரோம் போய் அபிக்சபான் வந்தது. அதற்கு ஐ.என்.ஆர். வேண்டாம், கோஸையும் கீரையையும் கண்டு பயப்பட வேண்டாம். வீட்டுக்குப் பின்னால் கோஸ் பாத்தி வைத்திருக்கும் அப்பாவுக்கு இது ஒரு விடுதலை நாள்.

இதே மாற்றம் என் அத்தைக்குக் கிடைக்கவில்லை. அவருக்குச் சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதய வால்வைச் சுருக்கிவிட்டது. அப்படிப்பட்டவர்களுக்குப் புதிய மாத்திரை பழையதற்குக் குறைந்ததாக இருக்காது என்று எதிர்பார்த்து 4500 பேருக்கு மேல் வைத்து நடத்திய ஒரு பெரிய ஆய்வு 2022இல் வெளியானது. ரிவராக்சபான் என்ற புதிய மாத்திரை சாப்பிட்டவர்களைவிட அசிட்ரோம் போன்ற பழைய வகை சாப்பிட்டவர்களே அதிகம் பிழைத்திருந்தார்கள். அத்தை இன்னும் மாதாமாதம் லேபுக்குப் போகிறார். "உங்கப்பனுக்கு மட்டும் புதுசு, எனக்குப் பழசு" என்று ஒவ்வொரு விசேஷத்திலும் சொல்லிக்காட்டுகிறார்.

சரி, அமியோடரோனுக்கு வருவோம். ஐந்தாவது வாரத்தில் அப்பாவின் தாளம் தானாகத் திரும்பியது. ஈசிஜி எடுத்த பையனே "நல்லா வந்திருக்கு தாத்தா" என்றான். படி ஏறுவது இலகுவானது. டிசம்பரில் மறுபடி சோர்ந்தார். "குளுருது" என்றார். கோத்தகிரியில் டிசம்பரில் குளிருகிறது என்று ஒருவர் சொன்னால் யார் காதில் வாங்குவார்கள்? ஊட்டியில் புல்வெளியெல்லாம் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும் மாதம் அது. எல்லோருக்கும் குளிர்கிறது, எல்லோருக்கும் தோல் வறள்கிறது, எல்லோரும் எட்டு மணிக்கே கம்பளிக்குள் போகிறோம். இன்னொரு ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்தேன். பிறகு ஒரு மங்கி குல்லா. ஜனவரியில் ஆறு மாத ரத்தப் பரிசோதனை வந்தபோதுதான் தைராய்டு சோம்பினால் ஏறும் டி.எஸ்.எச். என்ற எண் எகிறியிருந்தது தெரிந்தது. தைராய்டு படுத்துவிட்டது. நான் ஸ்வெட்டர் போட்டு மூடிக்கொண்டிருந்தது ஒரு வியாதியை.

காரணம் அந்த மாத்திரைக்குள்ளேயே இருக்கிறது. அமியோடரோனின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அயோடின். ஒரு மனிதனுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 150 மைக்ரோகிராம். ஒரு 200 மில்லிகிராம் மாத்திரைக்குள் இருப்பது 75 மில்லிகிராம். அதிலிருந்து தினம் சுமார் 6 மில்லிகிராம் பிரிந்து ரத்தத்தில் கலக்கிறது. நாற்பது பேருக்கு வேண்டிய உப்பை ஒருவர் வாயில் கொட்டுவது போல. சிலருக்குத் தைராய்டு படுத்துவிடும், சிலருக்குத் துள்ளும். இருமலும் இப்படித்தான். நுரையீரலை இந்த மருந்து தொட்டால் முதலில் தெரிவது வறட்டு இருமலும் மூச்சிரைப்பும். பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும் ஊரில் இருமாதவர் யார்? வெயிலோ, கேட்கவே வேண்டாம். மேலே போகப்போக வெயிலில் புற ஊதாக்கதிர் கூடும். அமியோடரோன் சாப்பிடுபவரின் தோலுக்கு அது ஆகாது. அப்பாவின் நெற்றியும் மூக்கும் வெந்தது போல் சிவந்து, பிறகு கறுத்தன. நிறுத்திவிட்டால் தீர்ந்ததா என்றால் அதுவும் இல்லை. இந்த மருந்து கொழுப்பில் போய்ப் பதுங்கிக்கொள்ளும். உடம்பில் உள்ளது பாதியாகக் குறையவே சராசரியாக இரண்டு மாதம் ஆகும்.

இந்த மனநிலையில் இருந்தபோதுதான், 2023 பிப்ரவரியில், அந்தத் திண்ணைப் பேச்சு நடந்தது. ஸ்வெட்டரும் குல்லாவும் தைராய்டு மாத்திரையுமாக அப்பா ஒரு பக்கம். எதிரே, ஒரே ஒரு அட்டையை ஆட்டிக்கொண்டு, சட்டைக் கையை மடித்துவிட்டபடி மாமா.

சட்டைப் பை

ஏப்ரலில் கோவையில் வழக்கமான பரிசோதனை. டாக்டரம்மா சீட்டைப் பார்த்து ஒவ்வொரு மாத்திரையாகச் சரிபார்த்துக்கொண்டே வந்தார். கடைசியில், எல்லோரிடமும் கேட்பது போலத்தான், "வேற ஏதாச்சும் சாப்பிடறீங்களாய்யா? நாட்டு மருந்து, கஷாயம்?" என்றார். அப்பா சட்டைப் பையில் கையை விட்டு ஒரு அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். மாமாவின் அட்டை. பத்தில் நாலு குழி காலி.

எனக்குக் காது அடைத்துப்போனது. டாக்டரம்மா அட்டையைத் தொடவில்லை. "எப்ப சாப்பிட்டீங்க?" "முந்தாநாள் ரெண்டு. நேத்து ரெண்டு. காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. போஸ்ட்மாஸ்டர் சாப்பிடற மாதிரியே." "அமியோடரோன்?" "அதையும் விடலை." அப்பா பெருமையாகத்தான் சொன்னார். டாக்டரம்மா மணியை அடித்து ஈசிஜி எடுக்கச் சொன்னார், கையோடு வார்டுக்குப் போன் செய்து அன்றிரவு ஒரு கட்டில் கேட்டார். குரல் உயரவே இல்லை. ஃப்ளெக்கனைடு உடம்பில் தங்கும் அளவை அமியோடரோன் கூட்டிவிடும் என்பதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

ஈசிஜி வந்து, அதை இரண்டு முறை பார்த்து முடித்த பிறகு, சீட்டைத் திருப்பிப்போட்டு ஒரு வட்டம் வரைந்தார். நடுவில் பேனாவால் கறுப்பாகத் தீட்டினார். "இது 2016ல செத்துப்போன தசைங்கய்யா. தழும்பு. கரண்ட் இதுக்குள்ள போகாது, சுத்தித்தான் போகணும். சுத்தி வர்றப்ப கிளம்பின இடம் இன்னும் களைப்பாவே இருந்தா அங்கேயே அணைஞ்சிரும். நல்லது. இந்த மாத்திரை கரண்டை மெதுவாக்கும். மெதுவா சுத்தி வந்தா கிளம்பின இடம் அதுக்குள்ள களைப்பு தீர்ந்து தயாரா இருக்கும். திரும்பவும் சுத்தும். திரும்பவும். அது மேலறை இல்லை, கீழறை. கீழறை அப்படி ஓடினா உங்களுக்குப் படபடப்புன்னு சொல்லக்கூட நேரம் இருக்காது."

அப்பா அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "மண்ணு சரிஞ்ச வளைவுல வண்டிங்க மாட்டிக்கிட்டுச் சுத்தற மாதிரியாம்மா?" "கிட்டத்தட்ட." மண் சரிந்தால் வண்டிகள் நிற்குமே தவிர எங்கே சுற்றும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் மலைக்காரருக்கு அந்த உவமை போதுமாக இருந்தது, நான் வாயை மூடிக்கொண்டேன்.

"போஸ்ட்மாஸ்டருக்கு நல்லாத்தானேம்மா இருக்கு?" என்றார் அப்பா விடாமல். "அவருக்கு அட்டாக் வந்திருக்கா? தழும்பு இருக்கா? பம்பிங் எவ்வளவு?" தெரியாது. அதாவது மாமாவின் இதயம் நல்ல இதயம், தாளம் மட்டும் தப்பியது. அந்த இதயத்துக்கு அது நல்ல மருந்து. அதைக் கொடுக்கும்போதே கூட ஒரு பீட்டா பிளாக்கரும் கொடுத்திருப்பார்கள் என்றார் டாக்டரம்மா. மேலறையின் நடுக்கம் மெதுவான ஓட்டமாக மாறி அப்படியே மொத்தமாகக் கீழறைக்குள் பாய்ந்துவிடாமல் இருக்க வாசலில் ஒரு காவல். பிற்பாடு மாமாவின் டப்பாவைப் பார்த்தேன். ஆமாம், மெட்டோப்ரோலால் இருந்தது. அந்த இரண்டாவது அட்டையை அவர் திண்ணைக்குக் கொண்டுவந்ததே இல்லை. அது பிரஷர் மாத்திரை என்று நினைத்திருந்தார்.

அன்றிரவு ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்பா நன்றாகத் தூங்கினார். நான் தலைமாட்டு மானிட்டரைப் பார்த்தபடி, டாக்டரம்மா போகிறபோக்கில் சொன்ன ஒரு பெயரைக் கைபேசியில் தேடிப் படித்தேன். காஸ்ட் ஆய்வு. மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களுக்கு இடையிடையே அதிகப்படித் துடிப்புகள் வரும். அவை அதிகம் வருபவர்கள் திடீரென்று இறந்துபோவதும் அதிகம். ஆக, அந்தத் துடிப்புகளை மருந்தால் அடக்கினால் சாவு குறையும். இதைவிடத் தெளிவான கணக்கு உண்டா? 1980களில் மருத்துவர்கள் அப்படித்தான் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதை உறுதி செய்ய நடத்திய ஆய்வு 1989 ஏப்ரலில் பாதியில் நிறுத்தப்பட்டது. ஃப்ளெக்கனைடு அல்லது அதன் உறவான என்கனைடு சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் 26 பேர். சராசரியாகப் பத்தே மாதத்தில்.

என் தூக்கத்தைக் கெடுத்தது அந்த எண்கள்கூட இல்லை. அந்த ஆய்வில் யாரைச் சேர்த்தார்கள் என்பது. முதலில் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். யாருக்கு அதிகப்படித் துடிப்புகள் அடங்கினவோ அவர்களை மட்டும்தான் அடுத்த கட்டத்துக்கு எடுத்தார்கள். அதாவது அந்த 63 பேரும் மாத்திரை வேலை செய்தவர்கள். அவர்கள் ஈசிஜியைப் பார்த்த டாக்டர்கள் சந்தோஷப்பட்டிருப்பார்கள். அவர்களே தங்கள் திண்ணையில் உட்கார்ந்து 'படபடப்புன்னு ஒண்ணு? கிடையவே கிடையாது' என்று யாரிடமாவது சொல்லியிருக்கக்கூடும். மாமா எங்களிடம் நீட்டிய சான்று, நான் மனசுக்குள் தலையாட்டி ஏற்றுக்கொண்ட சான்று, அதேதான். நெஞ்சில் தெரிவதும் தாளில் தெரிவதும் ஒழுங்காகிவிட்டது என்பது, அடுத்த நாள் எழுந்திருப்போம் என்பதற்கு உறுதி இல்லை. 1989 வரை படித்த மருத்துவர்களுக்கே தெரியாத இதை ஒரு டீ மேக்கரும் ஒரு போஸ்ட்மாஸ்டரும் எப்படித் தெரிந்துகொண்டிருப்பார்கள்?

காலையில் நான் டாக்டரம்மாவிடம் என் பங்குக்கு ஒன்று கேட்டேன். இரவெல்லாம் படித்த திமிர். "அயோடின் இல்லாத அமியோடரோன் இருக்காமே? ட்ரோனடரோன்?" தைராய்டையும் நுரையீரலையும் காப்பாற்றலாமே என்பது என் கணக்கு. அவர் சிரித்தார். பம்பிங் மோசமானவர்களுக்கு அதைக் கொடுத்து நடத்திய ஆய்வையும், சாவு கூடியதால், பாதியில் நிறுத்தினார்களாம். "அப்பாவோட எக்கோவை வெச்சுக்கிட்டு லிஸ்ட்ல இருக்கற ஒவ்வொண்ணையும் அடிச்சுக்கிட்டே வாங்க. கடைசியில என்ன மிஞ்சுதோ அதைத்தான் நான் எழுதியிருக்கேன்" என்றார். வடிகுழாய் விட்டு உள்ளே சுட்டுச் சரிசெய்யும் அப்லேஷன் என்ற வழியையும் சொன்னார். அப்பா மாட்டேன் என்றுவிட்டார், அது வேறு கதை. அந்த நீளமான துண்டுத்தாள் எனக்கு அதன் பிறகு வேறு மாதிரி தெரிந்தது. அதில் எழுதியிருப்பதில் பல ரத்தப் பரிசோதனையிலும் எக்ஸ்ரேயிலும் தெரியக்கூடியவை, முன்கூட்டியே பார்த்துப் பிடிக்கப் பார்க்கலாம். நாலு குழி காலியான அந்த அட்டை அப்படி முன்னறிவிப்புக் கொடுக்காது.

ஊருக்குத் திரும்பியதும் மாமாவிடம் நான் பேசிய விதம் சரியில்லை. பெரியவர் என்றும் பார்க்கவில்லை. அவர் ஒரு வார்த்தை திருப்பிப் பேசாமல் கேட்டுக்கொண்டார். சாயங்காலம் ஒரு பொட்டலம் வர்க்கியோடு வந்து, அப்பாவிடம் இல்லை, என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். நான் அதைத் தொடாமல் இரண்டு நாள் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் அப்பாவே டீயில் நனைத்துத் தின்றார்.

நடுவட்டம்

அந்த வருடக் கடைசியில் கூடலூரில் ஒரு கல்யாணம். ஒரே காரில் மூவரும் போனோம். பைக்காரா தாண்டி நடுவட்டம் வந்ததும் மாமா வண்டியை நிறுத்தச் சொன்னார். 1980களில் அங்கே மூன்று வருடம் வேலை பார்த்தவர். மலைச்சரிவைக் காட்டி, "இதெல்லாம் ஒரு காலத்துல சிங்கோனா. பட்டையை உரிச்சுக் கொய்னா எடுப்பாங்க. அந்தக் காலத்துல கொய்னாவைப் போஸ்ட் ஆபீஸ்லயே பொட்டலம் பொட்டலமா வித்தாங்க, தெரியுமா?" என்றார். தபால் துறையும் ஒரு காலத்தில் மருந்து கொடுத்ததுதான் என்பதில் அவருக்குத் தனிச் சந்தோஷம். தென் அமெரிக்காவிலிருந்து கிளமென்ட்ஸ் மார்க்கம் கொண்டுவர ஏற்பாடு செய்த விதைகளும் நாற்றுகளும் 1860-61இல் நீலகிரி வந்தன. ஊட்டித் தாவரவியல் பூங்காவைப் பார்த்துக்கொண்டிருந்த மெக்கைவர் அவற்றைத் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் வளர்த்தெடுத்தார். சீனக் கைதிகளைக் கொண்டுவந்து வேலை வாங்கினார்கள். எல்லாம் மலேரியாவுக்காக.

அதே பட்டைக்குள் இன்னொன்றும் இருந்தது. 1912இல் வென்கபாக் என்ற இதய மருத்துவரிடம் ஒரு டச்சு வியாபாரி வந்தார். தாளம் தப்பிய நாடி. ஒன்றும் செய்வதற்கில்லை என்றார் மருத்துவர். கீழை நாடுகளில் மலேரியாவுக்குக் கொய்னா சாப்பிட்டுப் பழகிய அந்த வியாபாரி, ஒரு கிராம் போட்டால் நின்றுவிடுகிறதே என்று சொல்லி, மறுநாள் ஒழுங்கான நாடியோடு வந்து காட்டினாராம். 1918இல் வால்டர் ஃப்ரை, சிங்கோனாப் பட்டையில் உள்ள சரக்குகளில் இதற்கு வல்லது குவினிடின் என்று கண்டார். அப்பாவும் மாமாவும் திண்ணையில் பரப்பி வைத்த அட்டைகளுக்கெல்லாம் பாட்டன் அதுதான். பல பத்தாண்டுகள் அதைத்தான் கொடுத்தார்கள். சிலர் திடீரென மயங்கி விழுந்தார்கள், 'குவினிடின் மயக்கம்' என்று அதற்கு ஒரு பெயரே வைத்தார்கள். பழைய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 1990இல் ஒரு கட்டுரை வந்தது. குவினிடின் தாளத்தைக் காப்பாற்றியது உண்மை, சாப்பிட்டவர்களில் இறந்தவர்கள் சாப்பிடாதவர்களைவிட அதிகம் என்பதும் உண்மை. இன்று அது புருகாடா போன்ற அரிய இதயத் தாள வியாதிகளுக்கு மட்டும் என்று ஒதுங்கிவிட்டது.

இதை நான் காருக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். முன்சீட்டில் இருந்த அப்பா தூங்கிவிட்டார். பின்சீட்டில் மாமா மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப அந்த வியாபாரியும் நம்மள மாதிரிதான். தனக்கு நின்னுச்சுன்னு டாக்டருக்கே சொல்லிக் குடுத்திருக்கான்" என்றார். கொஞ்சம் போனதும், "நான் அண்ணனுக்கு நல்லதுன்னு நினைச்சுத்தான் குடுத்தேன் தம்பி" என்றார். தெரியும் மாமா என்றேன். ஏப்ரலிலேயே சொல்லியிருக்கவேண்டியது.

2024 மழைக்காலம் முடிந்த சமயம், மாமா தன் வீட்டுப் படியில் பாதியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஞ்சியோவில் இரண்டு அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். நல்லவேளை, தசை பெரிதாகச் சாகவில்லை. ஆனால் அவர் இதயம் இப்போது பழைய இதயம் இல்லை, அதனால் ஃப்ளெக்கனைடு அன்றைக்கே நிறுத்தப்பட்டது. சோட்டலால் கொடுக்கலாமா என்று யோசித்திருக்கிறார்கள். அது சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து. இருபது வருடச் சர்க்கரையில் மாமாவின் கிரியேட்டினின் ஏறியிருந்தது. மருந்து உள்ளே தேங்கினால் ஈசிஜியில் ஒரு இடைவெளி நீண்டுகொண்டே போய், அதுவே ஆபத்தான ஓட்டத்தைக் கிளப்பிவிடும் என்று விட்டுவிட்டார்கள்.

போன வாரம் மாலை நாலு மணி வெயிலில் இருவரும் திண்ணையில் இருந்தார்கள். மாமா சட்டைப் பையிலிருந்து புது அட்டையை எடுத்து நடுவே வைத்தார். அமியோடரோன். "எப்படி அண்ணே இது?" என்றார். அப்பா அதைக் கையில் எடுக்கவில்லை. எழுந்து உள்ளே போய், ஆணியில் மாட்டியிருந்த தன் அகலத் தொப்பியைக் கொண்டுவந்து மாமாவின் தலையில் வைத்தார். "குளுருதுன்னா ஸ்வெட்டர் வாங்காதே. ரத்தம் டெஸ்ட் பண்ணச் சொல்லு" என்றார். தொப்பி மாமாவுக்குப் பெரிது. கண்வரை இறங்கியிருந்ததை ஒரு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் டீயைக் குடித்தார்.